எண்ணூறுக்கு முளைத்த வால்

சோபாக்காரரிடம் இதுவரை யாரும் பேரம் பேசியதில்லை. அதற்கு அவர் அவகாசம் கொடுத்ததே இல்லை. விலையைச் சொன்ன வாயை மூடுவதற்குள் அவரே அதைக் குறைத்துவிடுவார்.

அவர் சோபா விற்பவர் அல்ல, செய்பவரும் அல்ல. வீடு வீடாகப் போய் சோபாவைக் கழுவிக் கொடுப்பவர். சக்கரம் வைத்த ஒரு மெஷின் வைத்திருந்தார். அது ஒரு குழாயால் நுரைத் தண்ணீரைப் பீய்ச்சும், இன்னொரு குழாயால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சித் தொட்டியில் சேர்க்கும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு எண்ணூறு என்பது விலை. கழுவும் மருந்து, வண்டி, பிரஷ், வயிற்றுப்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவர் மனைவி நிர்ணயித்துக் கொடுத்தது. அதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு அடுத்தவர் சோபாவைக் கழுவுகிறோம் என்று அர்த்தம். அப்படித்தான் இத்தனை காலமும் கழுவிக்கொண்டிருந்தார்.

"எண்ணூறு ஆகுங்க," என்று நன்றாகத்தான் ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் மூச்சு விடுவதற்குள், "ஆனா உங்களுக்குன்னா எழுநூறு போதும்," என்று முடிப்பார். அப்படி அந்த ஆளிடம் என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள். அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். மணியடித்ததும் கதவைத் திறந்தாரே, அதுவே பெரிய மனசு என்று தோன்றிவிடும். அழுக்கு குறைவாக இருந்தால் "வேலை ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று நூறு போகும். அழுக்கு அதிகமாக இருந்தால், தொட்டியில் நிறையும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போவாரே, பாவம், என்று இருநூறு போகும். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய், நாக்குத் தள்ள நின்று, "நீங்க தினமும் எப்படித்தான் ஏறி இறங்குறீங்களோ" என்று அதற்கும் ஐம்பது குறைத்த ஆள் அவர்.

பல் டாக்டரம்மா வீட்டுச் சோபாதான் கடைசியில் வினையாக முடிந்தது.

"எண்ணூறா? சரி, ஆரம்பிங்க," என்றார் டாக்டரம்மா. சோபாக்காரருக்கு உறுத்தியது. இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒத்துக்கொள்கிறார் என்றால் நாம் அவரை ஏமாற்றுகிறோம் என்றுதானே பொருள்? கழுவி முடிக்கும்வரை அந்த உறுத்தல் போகவில்லை. மெத்தை இடுக்கில் கிடைத்த ஒரு ஸ்பூன், இரண்டு ஹேர்பின், பாதி கடித்த பென்சில் எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, குற்றவாளியைப்போல் நின்றார்.

"டாக்டர், எண்ணூறுன்னு சொன்னது கொஞ்சம் அவசரத்துல வந்துடுச்சு. ஐந்நூறு குடுங்க, போதும்."

பல் பிடுங்கும்போது எதையும் குறைத்து வாங்காத டாக்டரம்மா, மகிழ்ச்சியோடு ஐந்நூறு கொடுத்தார்.

சோபாக்காரரின் மனைவி பொது நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுப்பவர். டாக்டரம்மா அங்கே நீந்தப் போகிறவர். இந்த இரண்டு உண்மைகளும் ஒருநாள் சந்திக்கும் என்பதை சோபாக்காரர் யோசித்திருக்கவில்லை.

"டாக்டரம்மா இன்னைக்கு உங்களை அப்படிப் புகழ்றாங்க," என்றார் மனைவி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டபடி.

"அப்படியா?" என்று சோபாக்காரர் பூரித்தார்.

"நான் சரின்னு சொன்ன பிறகும் முந்நூறு குறைச்சாரு, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு கேட்டாங்க."

பூரிப்பு வடிந்துவிட்டது.

"அவங்க பேரமே பேசலைங்க. நீங்க யார்கூடத்தான் பேரம் பேசுனீங்க?"

சோபாக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் அவர் தொழிலில் அவரைவிடக் கறாரான வாடிக்கையாளர் அவருக்கே வாய்த்ததில்லை. "நீ எப்படித்தான் நாள் முழுக்க விலை சொல்றே?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்.

"கண்ணாடி ஓட்டை வழியா சொல்றேன். சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறேன். நிக்கிறவங்க காசை வெச்சுட்டு ஓரமா நகர்ந்துடுவாங்க. இதுல என்ன இருக்கு?"

வீடு வீடாகப் போகும்போது நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடியையும் கூடவே தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று சோபாக்காரர் சற்று நேரம் தீவிரமாக யோசித்தார்.

மனைவி யோசிக்க விடவில்லை. "அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. அதுக்குள்ள ஒரு சோபா. ஒண்ணே ஒண்ணு. எண்ணூறுக்குக் கழுவிட்டு வாங்க. முடியலைன்னா மெஷினை அவர் வண்டியில ஏத்தி விட்டுடுவேன். வித்துக் குடுக்க ஆள் இருக்காம். நீங்க அவர் குடோனுக்குப் போங்க. வேலை ரெடியா இருக்கு."

மச்சானின் குடோன் செருப்புக் குடோன். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, இடது செருப்பும் வலது செருப்பும் ஒரே ஜோடிதானா என்று பார்த்து, மூடி, அடுத்த பெட்டியைத் திறக்க வேண்டும். மெத்தை போட்ட நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். சோபாக்காரருக்கு அதை நினைத்தாலே கசந்தது. அவருக்குத் தன் தொழில் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பழுப்பேறிக் கிடக்கும் ஒரு சோபாவின் ஓரத்தில் முதல் இழுப்பு இழுத்ததும் கீழேயிருந்து ஒரு பட்டை நிறம் வெளியே வருமே, வீட்டிலுள்ளவர்கள் ஓடிவந்து "நம்ம சோபா நீலமா!" என்று வாயைப் பிளப்பார்களே, அதற்காகவே காசு குறைத்துக் கழுவலாம் என்று தோன்றும். குறைத்துத்தான் கழுவிக்கொண்டும் இருந்தார்.

இந்த நிலைமையில்தான் கடைவீதி மாடியொன்றில் அந்தப் பலகை கண்ணில் பட்டது. "சொன்ன விலையில் நிற்க முடியவில்லையா? விலையுறுதிப் பயிலகம், மாடி ஏறி வரவும்." ஏறினார்.

பயிலகத்தின் இயக்குநர் கழுத்தை ஒரு மில்லிமீட்டரும் அசைக்காமல் பேசுகிறவர். தலையை ஆட்டுவது பாதி சம்மதம் என்பது பயிலகத்தின் கொள்கை. அதனால் இடதுபக்கம் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் நாற்காலியோடு திரும்புவார்.

"கட்டணம் மூவாயிரம்," என்றார்.

"கொஞ்சம் குறைச்சு…"

இயக்குநர் நாற்காலியோடு திரும்பினார். "பார்த்தீங்களா? அடுத்தவன் விலையை மதிக்கத் தெரியாதவன் தன் விலையை எப்படி மதிப்பான்? முத்திப்போச்சுங்க. உங்களுக்குச் சாதாரண வகுப்பு பத்தாது. சிறப்பு வகுப்புதான். நாலாயிரம்."

"அய்யோ!"

"அய்யோன்னா தனி கவனிப்பும் தேவைப்படுது. நாலாயிரத்து ஐந்நூறு."

மேற்கொண்டு வாயைத் திறந்தால் வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று புரிந்து, புது உறிஞ்சு குழாய்க்காகச் சேர்த்து வைத்திருந்ததை சோபாக்காரர் அப்படியே எடுத்து வைத்தார். பணம் போனது வலித்தது. கூடவே ஒரு பரவசமும் வந்தது. சொன்ன விலையில் நின்றதோடு இல்லாமல் அதன்மேல் ஏறியும் போன ஒரு மனிதரை நேரில் பார்த்துவிட்டோம், இனி நமக்கு விடிவுதான் என்று நம்பினார்.

முதல் நாள் இயக்குநர் கோட்பாட்டை விளக்கினார். "விலைங்கறது தலை. அதுக்குப் பின்னாடி நீங்க சேர்க்கிற 'ஆனா' இருக்கே, அது வால். வால் முளைச்ச விலையை உலகத்துல யாரும் மதிக்க மாட்டாங்க. இங்க நாம வாலை வெட்டுறோம்."

வால் வெட்டும் முதல் கட்டம், சுவர்ப் பயிற்சி. முடி வெட்டுகிறவர், மொழிபெயர்க்கிறவர், கரப்பான் மருந்து அடிக்கிறவர், டியூஷன் டீச்சர் என்று எல்லோரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று தங்கள் விலையை உரக்கச் சொல்ல வேண்டும். சுவர் எதிர்த்துப் பேசாது, ஆகவே துணிச்சல் வரும் என்பது ஏற்பாடு. சோபாக்காரருக்கு வாய்த்த சுவரில் மேல்மூலையில் ஓதம் ஊறி, சுண்ணாம்பு உதிர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"எண்ணூறு ஆகுங்க," என்றார் சுவரிடம். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. என்ன கஷ்டமோ என்னவோ என்று தோன்றியது. "ஆனா உங்களுக்குன்னா அறுநூறு."

பயிலக வரலாற்றிலேயே சுவருக்குத் தள்ளுபடி கொடுத்த முதல் ஆள் அவர் என்று மற்ற வகுப்புகளிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் கட்டம், விலைக்கு மரியாதை. அவரவர் விலையைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்தால் முதலில் அட்டை போக வேண்டும், பிறகுதான் ஆள். குறைத்துச் சொல்லிவிட்டால் அட்டையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். காண்டீனில் அட்டைக்கு ஒரு நாற்காலி போட்டாக வேண்டும். நாற்காலிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் மத்தியானத்தில் எண்ணூறு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், சோபாக்காரர் பக்கத்தில் நின்றபடி டீ குடிப்பார். பக்கத்து மேஜையில் மொழிபெயர்ப்பவரின் விலையும் டியூஷன் டீச்சரின் விலையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். எல்லா விலைகளும் நன்றாகத்தான் இருந்தன. ஆட்களுக்குத்தான் கால் வலித்தது.

மூன்றாம் கட்டம், பெருமூச்சு அம்மா. பயிலகம் அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவர் வேலை வாடிக்கையாளராக நடித்து, விலையைக் கேட்டதும் பெருமூச்சு விடுவது. அதில் மூன்று தரம் வைத்திருந்தார். முதல் தரம், இந்த மாசம் நிறையச் செலவு என்கிற பெருமூச்சு. சோபாக்காரர் எண்ணூறிலிருந்து அறுநூறுக்கு வந்தார். இரண்டாம் தரம், வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார் என்கிற பெருமூச்சு. முந்நூறுக்கு வந்தார். மூன்றாம் தரத்தில் பெருமூச்சோடு, "பரவாயில்லை தம்பி, அழுக்கிலேயே உட்கார்ந்துக்கறோம்," என்று ஒரு வாக்கியமும் உண்டு. சோபாக்காரர் இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொல்லி, அம்மாவுக்குப் பஸ் காசையும் எடுத்து நீட்டினார்.

"எதுக்குத் தம்பி? நான் நடிக்கிறேன்," என்றார் அம்மா.

"தெரியும்மா. இருந்தாலும் மனசு கேக்கலை."

நான்காம் கட்டம்தான் பயிலகத்தின் உச்சம். மௌனம். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே மௌனத் துறைத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு மணிக்குக்கூட நிறுத்த மாட்டார்.

"மௌனம்னா என்ன? பேசாம இருக்கிறது. அவ்வளவுதானான்னு கேட்டா, அவ்வளவுதான். ஆனா அதை அவ்வளவுதான்னு விட்டுட முடியுமா? இதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா என்னை நிறுத்த முடியாது. வீட்டுல சாப்பிடும்போதும் இதேதான். என் மனைவி காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுதான் சாப்பிடுவா. மௌனத்துக்கு எங்க வீட்டுல அவ்வளவு மரியாதை!"

முன்வரிசையில் கரப்பான் மருந்துக்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அவருக்கு மௌனத்தில் முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு சோபாக்கள் கிடைத்தன, இரண்டும் வழக்கம்போலவே குறைந்த விலைக்குப் போயின. மனைவி அண்ணனின் வருகைக்கு இப்போதே தயாராகிவிட்டார். மெஷினின் குழாய்களைச் சுருட்டி, தூசி படாமல் துணியால் மூடி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் சோபாக்காரருக்கு என்னவோ செய்தது. இறுதித் தேர்வு சனிக்கிழமை. அதை விட்டால் வேறு வழியில்லை.

தேர்வு பயிலகத்தின் வரவேற்பறையில் நடந்தது. அங்கே கிடந்த மூன்று பேர் சோபாதான் வினாத்தாள். பயந்து பயந்து உட்கார்ந்த எத்தனையோ பேரின் வியர்வையும் டீக்கறையும் ஊறி அது என்ன நிறம் என்று தெரியாமல் இருந்தது. இயக்குநர் எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய உரையை நிகழ்த்தினார்.

"இந்தப் பயிலகம் எப்படிப் பிறந்ததுன்னு சொல்றேன். இந்தக் கட்டட வாடகையை நாங்க அழுது பேசிப் பாதியாக்கி வெச்சிருக்கோம். அந்த மின்விசிறியை மாட்டினவருக்குக் கால்வாசிதான் குடுத்தோம். பெயின்ட் அடிச்சவர் பாக்கிக்காக இன்னும் வந்து போயிட்டிருக்கார். அவரையும் இப்ப சிறப்பு வகுப்புல சேர்த்துட்டோம், கட்டணத்தைப் பாக்கியில கழிச்சுக்கிட்டோம். விலையில நிக்கத் தெரியாம மனுஷங்க படுற பாட்டை எங்களை மாதிரி கிட்டத்துல இருந்து பார்த்தவங்க யாரும் கிடையாது. அந்த வேதனையிலதான் இதை ஆரம்பிச்சோம். சரி, இப்ப சொல்லுங்க. இந்தச் சோபாவைக் கழுவ எவ்வளவு?"

சோபாக்காரர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "எண்ணூறு," என்றார். நாக்கின் நுனிவரை வந்த 'ஆனா'வைப் பல்லால் கடித்துப் பிடித்தார்.

இயக்குநர் பேசவில்லை. அவரும் பயிலகத்துக்காரர்தானே. மௌனத் துறைத் தலைவரும் பேசவில்லை. விஷயம் பரவி, முடி வெட்டுகிறவரும் டியூஷன் டீச்சரும் தங்கள் விலைகளோடு வந்து சுவரோரமாக நின்றார்கள். அவர்களும் பேசவில்லை. மேஜையில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுத்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் தோல்வி. புதிதாகச் சேர வந்த ஒருவர் வாசலில் நின்று, "இங்க விலை சொல்லித் தர்றது…" என்று ஆரம்பித்து, அத்தனை பேரும் வாய்திறக்காமல் தன்னையே வெறிப்பதைக் கண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக இறங்கிப்போனார். சாப்பாட்டு நேரம் வந்தது. காண்டீனிலிருந்து தட்டுகளின் சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை.

மௌனத் துறைத் தலைவரின் நிலைமைதான் மோசமாகிக்கொண்டே போனது. முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து நரம்பு புடைத்தது. வாழ்நாளில் இவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்ததில்லை. கடைசியில் துள்ளி எழுந்துவிட்டார்.

"பார்த்தீங்களா! இதுதான் மௌனம்! இதைத்தான் நான் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்! என்ன ஒரு அமைதி! மௌனம்னா என்னன்னு கேட்டா…"

சொல்லிக்கொண்டே வந்தவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்து நின்றுபோனார்.

சோபாக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெயித்துவிட்டார்! முழு எண்ணூறு! மெஷின் பிழைத்தது!

இயக்குநர் நாற்காலியோடு மௌனத் துறைத் தலைவர் பக்கம் திரும்பினார். "விதிப்படி நாம தோத்துட்டோம். எண்ணூறு குடுத்தாகணும். உங்க சம்பளத்துல பிடிச்சுக்கறேன். ஒரு மௌனத் துறைத் தலைவரே முதல்ல வாயைத் திறந்தா இந்தத் துறை எதுக்கு? நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."

துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. கன்னம் மட்டும் துடித்தது. சோபாக்காரர் அதைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டார்.

"ஐயா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல் என்பது அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. "அவருக்கு முன்னாடி நான்தான் தும்மினேன்."

"தும்மல் பேச்சாகாதே," என்றார் இயக்குநர்.

"இல்லைங்க. தும்மிட்டு, 'அய்யோ'ன்னு சொன்னேன்."

'அய்யோ' ஒரு சொல் என்று ஏற்கெனவே அதற்கு ஐந்நூறு வசூலித்த பயிலகம், அதைப் பேச்சு என்று ஏற்றுக்கொண்டது. சோபாக்காரர் தேர்வில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தோற்றவர் செய்யும் வேலை செய்முறைப் பயிற்சிக் கணக்கில் வரும் என்பதால் அதற்குக் காசு கிடையாது என்றும் தெரிவிக்கப்பட்டது. சாயங்காலம் வரை மண்டிபோட்டு அந்தச் சோபாவைக் கழுவினார். அது நல்ல பச்சை நிறம் என்பது தெரிந்து இயக்குநரே ஆச்சரியப்பட்டார், கழுத்தை அசைக்காமல்.

கழுவும்போது சோபாக்காரர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். சுவருக்கு இருநூறு குறைத்தார். பெருமூச்சுக்கு எண்ணூறும், மேலே பஸ் காசும். ஜெயித்த பிறகும் முழுசாக எண்ணூறையும் குறைத்துவிட்டார். இந்த வேகத்தில் போனால் அடுத்து யாராவது சோபாவைக் காட்டினால் கழுவிவிட்டு இவர்தான் காசு கொடுக்க வேண்டும். மற்றவர்களிடம் ஏமாறுகிறவனைப் பார்த்துப் பரிதாபப்படலாம், இப்படித் தேடிப்போய் ஏமாறுகிறவனை என்ன செய்வது என்று அவருக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுகை மாதிரி ஆகிவிட்டது.

பெருமூச்சு அம்மா வந்து பக்கத்தில் நின்றார். "நீ தும்மவே இல்லையே தம்பி. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"பாவம்மா அவரு. வேலை போயிடும்."

"உனக்கு நாளைக்கு மெஷின் போயிடும்னு சொன்னியே?"

சோபாக்காரர் பிரஷ்ஷை உதறினார். அம்மா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அது மூன்று தரத்திலும் சேராதது.

"இது நிஜம் தம்பி. இதுக்கு இவங்க சம்பளம் தர மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மச்சான் தன் வண்டியோடு வந்துவிட்டார். எண்ணூறு அட்டை கூடத்து நாற்காலியில் இருந்தது. பயிலகப் பழக்கத்தில் சோபாக்காரர் அதை அங்கே உட்கார வைத்துவிட்டு, தான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். மச்சான் அதை என்னவென்றும் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, எல்லாம் கேள்விப்பட்டேன். விடுங்க. நமக்கு எதுக்கு இந்த சோப்புத் தண்ணி வேலை? மாசம் பன்னிரண்டாயிரம் தர்றேன். நாளைக்கே வந்துடுங்க."

சோபாக்காரர் பேசவில்லை. அவர் ஒன்றும் பயிற்சி செய்யவில்லை. வாசலில் துணி போர்த்திக் கிடந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச என்ன இருக்கிறது என்று இருந்தது.

மச்சான் கொஞ்சம் நெளிந்தார். "சரி, பதினாலாயிரம். நம்ம குடும்பம்னுதான்."

சோபாக்காரர் மெஷினிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மாப்ளே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? பதினாறு. மத்தியானச் சாப்பாடும் நம்ம பொறுப்பு." மச்சானின் நெற்றி வியர்த்தது. "யம்மா, உன் வீட்டுக்காரர் ஏன் இப்படிப் பார்க்கிறாரு? சரி, பதினெட்டு! அதுக்கு மேல என்னால முடியாது. முடியாதுன்னா… இருபது வெச்சுக்கலாம். போதுமா?"

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். சோபாக்காரரின் தொழிலில் எந்த நல்ல மாதத்திலும் இருபது வந்ததில்லை. அண்ணனிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் தன் புருஷன் எட்டாயிரம் ஏற்றிவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை. விற்க விருப்பமில்லாத பொருளுக்கு மட்டும் இந்த மனுஷனால் எவ்வளவு கறாராக நிற்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மச்சான்," என்றார் சோபாக்காரர் கடைசியில். "எனக்கு சோபா கழுவத்தான் பிடிச்சிருக்கு."

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படி என்ன பெரிய வேலை அது? சோப்பைப் போட்டு நாலு தேய் தேய்ச்சா யாருக்கும் வரும்! குடோன் ஆபீஸ்ல என் சோபா ஒண்ணு கிடக்கு. மூணு பேர் உட்கார்றது. அதைக் கழுவ என்ன வாங்குவீங்க? நூறா, நூத்தம்பதா?"

சோபாக்காரர் அப்போதுதான் கவனித்தார். மச்சானின் தொடைக்கடியில் அட்டையின் ஒரு மூலை நசுங்கித் தெரிந்தது. கால் வலிக்க வலிக்க நின்று தான் உட்கார வைத்த விலை. நின்றபடியே டீ குடித்து மரியாதை செய்த விலை. அதன்மேல் ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு நூறா, நூற்றைம்பதா என்கிறார். அவருக்கு ஜிவ்வென்று ஏறியது.

"எந்திரிங்க மச்சான்."

மச்சான் திடுக்கிட்டு எழுந்தார். சோபாக்காரர் அட்டையை எடுத்து, கையால் நீவி, நாற்காலியில் நிமிர்த்தி வைத்தார்.

"எண்ணூறு," என்றார்.

மச்சான் அட்டையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு பெருமூச்சு விட்டார். வியாபாரி விட்ட பெருமூச்சுதான். ஆனாலும் பெருமூச்சு அம்மாவிடம் நாள்கணக்கில் அடிபட்டவருக்கு அதெல்லாம் கத்துக்குட்டி வேலையாகத் தெரிந்தது. சோபாக்காரர் அசையவில்லை. கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சரி," என்றார் மச்சான். "எண்ணூறே தர்றேன். மெஷினை எப்படியும் ஏத்தத்தானே வண்டி கொண்டாந்தேன். அதுலயே போட்டுக்கிட்டு வாங்க, வந்து கழுவுங்க."

மனைவியின் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது. முதல் எண்ணூறு. அதுவும் அண்ணனிடமிருந்து. சோபாக்காரருக்குக் கண் நிறைந்தது. இவ்வளவு நல்ல மனிதரைப் போய் எழுப்பி நிற்க வைத்துவிட்டோமே, சொந்த வண்டியில் வேறு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறாரே, என்று நெஞ்சு இளகியது. வாய் தானாகத் திறந்தது.

"ஆனா மச்சான்…"

மச்சானின் முகம் மலர்ந்தது.

"ஆனா வண்டிச் செலவு தனி அண்ணா," என்றார் மனைவி, கண்ணாடி ஓட்டை வழியாகப் பேசும் அதே குரலில். சொல்லிவிட்டு, அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் யாரோ நிற்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தார்.

வண்டி தன்னுடையதுதானே என்று கேட்கத் தோன்றாமல், மச்சான் சட்டைப் பைக்குள் கையை விட்டபடி ஓரமாக நகர்ந்து நின்றார்.